பனி பெய்யாத ஊரில் தள்ளுப்பெட்டி

தமிழில் பனி என்றால் புல்நுனியில் நிற்கும் துளி. முன்பனி, பின்பனி என்று வருடத்தில் நான்கு மாதத்தை அதற்கு ஒதுக்கிவைத்தவர்கள் யாரும் அதை மண்வெட்டியால் அள்ளியிருக்க மாட்டார்கள். ஈப்போவில் எங்களுக்கு அந்தத் துளிகூடச் சரியாகக் கிடையாது. மழை விட்ட காலையில் சுண்ணாம்புக்கல் மலைகளின் இடுப்பில் வெள்ளையாக ஒன்று சுற்றிக்கொண்டு நிற்கும். ஒன்பது மணிக்குள் காணாமல் போகும். அவ்வளவுதான் எங்கள் குளிர்காலம்.

அதனால், போன வருடம் இரண்டு மாதம் மதிய உணவு நேரமெல்லாம் நான் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தது என் தொழிற்சாலையில் யாருக்கும் விளங்கவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் மனிதர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையில், சின்ன டிராக்டருக்குப் பனி தள்ளும் பெட்டி வெல்டிங் செய்கிற வீடியோக்கள். "கனடாவுக்கா கிளம்புற?" என்று கேட்டார்கள். என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராகச் சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், கேள்வி நியாயமானதுதான். எனக்குப் பனி தேவைப்படவில்லை. சாணி தள்ளவேண்டியிருந்தது.

மாமா, அம்மாவின் அண்ணன், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் 28 மாடு வைத்திருக்கிறார். தோட்டம் என்று சொல்கிறேனே தவிர, அங்கே இப்போது ஒரு பால்மரம் கிடையாது. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான் வீடுகளுக்குப் போனார்கள், சிலர் புந்தோங்குக்கு, சிலர் தலைநகரத்துக்கு. மாமா போகவில்லை. மாடு இருந்தது. மாட்டைத் தாமானுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. மலாயாத் தோட்டங்களில் எங்கள் ஆட்கள் மாடு வளர்த்த கதையை யாராவது முழுதாக எழுத வேண்டும். பால்வெட்டு முடிந்து வந்து, புல் அறுத்து, பால் கறந்து, சைக்கிளில் ஊற்றி, அந்தக் காசில்தான் பல வீடுகளில் பிள்ளைகள் ஐந்தாம் பாரம் வரைக்கும் போனார்கள். என் அம்மா அப்படிப் போனவர். ஆக, என் பட்டத்திலும் கொஞ்சம் பால் இருக்கிறது.

கணக்கு இப்படி. ஒரு மாடு நாளுக்கு 20 கிலோவுக்குக் குறையாமல் சாணி போடும். பகலில் மேயப் போய்விடுவதால் பாதி வெளியே விழும் என்று வைத்துக்கொண்டாலும், விடிகாலையில் கொட்டகைத் தரையில் 280 கிலோ கிடக்கும். மூத்திரமும் கழுவின தண்ணீரும் தனி. இதை மாமா ஒரு மண்வெட்டியையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியையும் வைத்து ஐந்து மணியிலிருந்து ஏழரை வரைக்கும் அள்ளுவார். வயது 63. முதுகில் இரண்டு வட்டு விலகியிருக்கிறது. கூட இருந்த வங்காளதேசத்துப் பையன் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டான். அவன் போன பிறகு மாமா நிமிர்ந்து நின்று நான் பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு கடிதம். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். கொட்டகைக்குத் தெற்கே புதிதாக ஒரு தாமான் வந்திருக்கிறது, அங்கிருந்து ஈ, நாற்றம் என்று புகார். மேற்கே செம்பனைக்காரர் வேறு புகார் கொடுத்திருக்கிறார்: குவித்துவைத்த சாணியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, புழு வளர்ந்து, வண்டாகி அவருடைய இளம் செம்பனையின் குருத்தைத் துளைக்கிறதாம். அதில் பொய் இல்லை. அந்த வண்டு மக்கும் குப்பையிலும் சாணிக் குவியலிலும்தான் பெருகும். கடிதத்தின் சாரம், ஆறு மாதத்துக்குள் தரையையும் குவியலையும் ஒழுங்குபடுத்த வேண்டும், இல்லாவிட்டால் மாடுகளை அகற்ற வேண்டும். மலாயில் இருந்ததை நான் படித்துச் சொன்னேன். மாமா கேட்டுவிட்டு, "சரி, பசியாறிட்டியா மா?" என்றார்.

அவரிடம் ஒரு டிராக்டர் இருந்தது. ஜப்பானில் எவனோ ஒருவனுடைய நெல்வயலில் உழைத்துவிட்டு, இங்கே பழுதுபார்த்து விற்கப்பட்ட 20 குதிரைத்திறன் குபோத்தா. எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. வேக நெம்புகோலுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆமை, ஒரு முயல். அந்த இரண்டு படத்தை வைத்துத்தான் மாமா பத்து வருடமாக ஓட்டுகிறார். முன்பக்கம் வாளி கிடையாது. பின்னால் மூன்று புள்ளி இணைப்பு மட்டும்.

பனி தள்ளும் பெட்டி எனக்கு ஏன் பிடித்தது என்று சொல்கிறேன். சாதாரண மண் தள்ளும் தகடு சாய்வாக நிற்கும். தள்ளுவதைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டே போகும். சாலையில் அது சரி. நாலு பக்கமும் அடைத்த இடத்தில் ஒதுக்கியது எங்கே போகும்? மாட்டுக் கொட்டகையில் ஒதுக்கினால் மாடு படுக்கிற இடத்துக்கே போகும். பனி நாட்டில் வண்டி நிறுத்துமிடங்களைச் சுத்தம் செய்ய வந்த பெட்டியில் இரண்டு பக்கமும் காது மாதிரித் தகடு. மூன்று பக்கம் அடைப்பு, ஒரு பக்கம் திறப்பு, அடி கிடையாது. எதிரில் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு மூலை வரைக்கும் போகும். தரையைத் தொடுகிற இடத்தில் பலவற்றில் இரும்புக்குப் பதில் ஒரு பட்டை ரப்பர். ரப்பர்!

ஆனால் பனிக்குச் செய்ததை அப்படியே எடுக்க முடியாது. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் 50 கிலோ, மிஞ்சினால் 100 கிலோ. சாணி ஏறக்குறைய தண்ணீர்தான், 1000 கிலோ. கொட்டகை நடுப்பாதைக்கு ஏற்ற 1.5 மீட்டர் அகலப் பெட்டியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு, 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆப்பு மாதிரிச் சரிந்து நிற்கிறது என்று வைத்தால், அது 0.135 கன மீட்டர். பனியாக இருந்தால் 13 கிலோ, குழந்தை தள்ளும். சாணியாக இருந்தால் 135 கிலோ. அதனால் கனடாக்காரரின் உயரமான பெட்டியை வெட்டி 45 சென்டிமீட்டர் ஆக்கினேன். ஆறு மில்லிமீட்டர் தகட்டில் முதுகு 32 கிலோ, இரண்டு காதும் 25 கிலோ, இணைப்புச் சட்டத்தோடு 90ஐத் தொடும்.

டிராக்டர் 700 கிலோ. சாணி வழுக்கும் கான்கிரீட்டில் டயரின் பிடி எடையில் பத்தில் மூன்று பங்கு என்று குறைவாகவே எடுத்துக்கொண்டேன். 210 கிலோ அளவு தள்ளுவிசை. சாணியின் எதிர்ப்பு 110, பெட்டியின் உரசல் 45. கணக்கு இடித்துக்கொண்டு உள்ளே நின்றது.

இழுப்பதா, தள்ளுவதா என்பதில்தான் இரண்டு வாரம் போனது. மூன்று புள்ளி இணைப்பை ஹாரி ஃபெர்குசன் என்கிற அயர்லாந்துக்காரர் 1920களில் ஏரை இழுக்க உருவாக்கினார். ஏர் மண்ணில் மாட்டி இழுபட இழுபட, பின்சக்கரம் இன்னும் அழுத்தமாக நிலத்தைப் பிடிக்கும். அந்த அறிவு முழுக்க இழுப்புக்கானது. பின்னோக்கித் தள்ளும்போது கீழ்க் கைகள் இரண்டும் குச்சி மாதிரி அழுத்தப்படும். தரையில் ஒரு முண்டில் இரும்பு இடித்தால் வளைந்துவிடும். ஆனால் முன்னோக்கி இழுத்தால் டயர் முதலில் சாணியில் ஏறும், பெட்டி பிறகு வரும். வழுக்கலில் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கும். பின்னோக்கித் தள்ளினால் பெட்டி முதலில் துடைக்கும், டயர் துடைத்த தரையில் வரும். தள்ளுவது என்று முடிவு செய்தேன். இடிக்கிற பிரச்சினையை ரப்பர் பட்டை பார்த்துக்கொள்ளும், முண்டு வந்தால் அது மடங்கிக்கொடுக்கும்.

இரும்பு விளிம்பு வைக்காததற்கு இன்னொரு காரணம், மாட்டின் கால். இரும்பு தினமும் உரசினால் கான்கிரீட் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும், மாடு சறுக்கி விழும். கறவை மாடு ஒருமுறை இடுப்பு விரித்து விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம்.

வெல்டிங்குக்குப் போனது ஈப்போவில் ஒரு பழைய பட்டறைக்கு. இந்த ஊரின் இரும்புப் பட்டறைகள் பலவும் ஈயச் சுரங்கத்துக்காகப் பிறந்தவை. கிந்தா பள்ளத்தாக்கில் மணலையும் ஈயத்தையும் உறிஞ்சிய பம்புகளுக்கு வார்ப்பு செய்தவர்கள். 1985இல் ஈய விலை விழுந்ததும் சுரங்கங்கள் மூடின. பட்டறைக்காரர்கள் கல் குவாரிக்கும் செம்பனை ஆலைக்கும் திரும்பிக்கொண்டார்கள். தவுக்கேக்கு எழுபது வயதிருக்கும். என் வரைபடத்தைக் கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை, இறக்கி ஒருமுறை பார்த்தார். பனி தள்ளும் பெட்டி மாதிரி என்றேன். "சினி மானா அடா சல்ஜி, அடிக்?" என்றார். இங்கே ஏது பனி, தங்கச்சி. சாணி என்று விளக்கியதும் முகம் மாறவில்லை. பென்சிலை எடுத்து, காதும் முதுகும் சேரும் மூலையில் நான் போட்டிருந்த ஒற்றைத் தையலுக்கு உள்ளே ஒரு முக்கோணத் துண்டு வரைந்தார். அதற்குக் காசு சேர்க்கவில்லை. இரும்புக்கும் கூலிக்கும் 780 வெள்ளி. ஊசி 22 மில்லிமீட்டர் கீழே, 19 மில்லிமீட்டர் மேலே. அதை மட்டும் நான் இரண்டு தடவை சொன்னேன், அவர் இரண்டு தடவையும் "தாவ், தாவ்" என்றார், தெரியும் தெரியும்.

ரப்பர் பட்டைக்குக் குவாரி பெல்ட் எடுப்பது என்பது என் திட்டம். கல் சுமந்து ஓய்ந்த கன்வேயர் பெல்ட், பழைய இரும்புக் கடையில் சுருட்டி வைத்திருப்பார்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் பையில் கடினம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று கொண்டுபோயிருந்தேன், தொழிற்சாலையிலிருந்து கேட்டு வாங்கியது. முதல் சுருளில் அழுத்தினேன். அறுபத்து மூன்று. சரியான எண். பெல்ட்டின் மேலுறைக்கு அறுபதிலிருந்து அறுபத்தைந்து இருந்தால் நல்லது.

"இது வேணாம்" என்றார் மாமா.

அவர் கருவியைப் பார்க்கக்கூட இல்லை. பெல்ட்டின் ஓரத்தைப் பிடித்து வெளிப்புறமாக மடித்தார். மடிப்பின் மேல் முடி முடியாக நூறு வெடிப்பு. நீட்டி வைத்தால் ஒன்றும் தெரியாது. "வெயில்ல கிடந்தது. செத்துப்போச்சு" என்றார். இழுபட்டு நிற்கும் ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் அறுக்கும் என்று நான் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். அவர் அடுத்த சுருளுக்குப் போனார். கட்டைவிரல் நகத்தை ஊன்றி எடுத்து, பள்ளம் மறைகிறதா என்று பார்த்தார். மோந்து பார்த்தார். நான்காவது சுருளில், உள்சுற்றில், வெளிச்சம் படாத பகுதியில் நின்றார். "இது இருக்கு" என்றார். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை, இருக்கு என்று.

பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தெட்டு வருடம் பால் வெட்டிய கை அது. முதலில் தாத்தாவுக்கு மங்கு கழுவிக் கொடுக்க, பிறகு ஒட்டுப்பால் உருவ, பிறகு சொந்த நிரை. உளி எவ்வளவு ஆழம் போனால் பால் வரும், எவ்வளவு போனால் மரத்துக்குக் காயம் என்பது ஒரு மில்லிமீட்டர் சங்கதி, அதை இருட்டில் நெற்றி விளக்கோடு செய்தவர்கள். எங்கள் பேராக்கில்தான், கோலகங்சாரில், 1877இல் ஹியூ லோ நட்ட கன்றுகளில் ஒன்று மரமாக இன்னும் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதன் முன்னால் படம் எடுத்திருக்கிறோம். அந்த மரத்துக்கு வேலி, பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. வெட்டியவர்கள் பெயர் எழுதிய பலகை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. சும்மா சொல்லத் தோன்றியது.

தாத்தா வேலை செய்த காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடல் என்று அதற்குப் பெயர். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் உண்டு. அதைத் தடுக்கத்தான் 1960இல் துன் சம்பந்தன், இதே சுங்கை சிப்புட்டுக்காரர், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதாமாதம் கட்டிய சின்னச் சின்னத் தொகையில் சங்கம் தோட்டம் வாங்கியது. தாத்தாவும் பங்கு எடுத்திருந்தார். ஆனால் அவர் இருந்த தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை. மாமா நிற்கும் ஓரத்து நிலத்துக்கு இன்றைக்கும் பட்டா கிடையாது. இத்தனை கணக்கும் இத்தனை இரும்பும் அந்த நிலத்தின் மேல்தான் நிற்கிறது என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

பெட்டி வந்த சனிக்கிழமை பட்டையை மூன்று நீளத்தில் வைத்துப் பார்த்தோம். இரும்புக்குக் கீழே 10 சென்டிமீட்டர் தொங்கவிட்டால் சாணியின் கனத்தில் உள்ளே சுருண்டு, மேலே ஏறி ஓடியது. நாலு சென்டிமீட்டரில் நன்றாக வழித்தது, ஆனால் வடிகால் பக்கத்தில் தரை மேடாகும் இடத்தில் போல்ட்டுத் தலை உரசியது. ஏழு சென்டிமீட்டரில் நின்றுகொண்டோம். துளைகளை வட்டமாகப் போடாமல் நீளவாக்கில் போட்டிருந்தேன், தேயத் தேயக் கீழே இறக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்தால் தலைகீழாகத் திருப்பி மறுபக்கம்.

ஆமையில் போட்டு மாமா பின்னால் வந்தார். சத்தமே இல்லை. அதுதான் ஆச்சரியம். மண்வெட்டி கான்கிரீட்டில் கீறுகிற சத்தத்தோடு விடிந்த கொட்டகை அது. 18 மீட்டர் பாதையை நான்கு தடவை ஓட்டினார், மூலையில் விட்ட தொட்டிக்குள் எல்லாம் விழுந்தது, மொத்தம் 22 நிமிடம். மாடுகள் திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோட்டன. இறங்கி வந்த மாமா, "கழுத்து வலிக்குதே" என்றார். பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறதாம். மறுவாரம் லாரியிலிருந்து கழற்றிய ஒரு பெரிய கண்ணாடியை 15 வெள்ளிக்கு வாங்கி மட்கார்டில் பொருத்தினோம். அதில் அவர் முகமும் தெரிகிறது என்று அத்தை கேலி செய்தார்.

நான் எடுத்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். கைதட்டுப் படங்கள் குவிந்தன. மாமாவின் மகன் மட்டும் ஒன்றும் போடவில்லை. அவர் சிங்கப்பூரில் இருக்கிறார், என்னைவிட ஆறு வயது பெரியவர். இரவு பதினொன்றுக்கு அழைத்தார்.

"நல்லா செஞ்சிருக்க. உண்மையாவே நல்லாருக்கு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த லெட்டர் வந்தப்ப நான் சந்தோஷப்பட்டேன், தெரியுமா? ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன், வித்துட்டு வாங்கன்னு. முதுகு போச்சு, கேக்கல. ஆள் போச்சு, கேக்கல. லெட்டருக்காவது கேப்பாருன்னு இருந்தேன். இப்ப நீ அவருக்கு இன்னும் பத்து வருஷம் அங்கயே கிடக்கிறதுக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்துட்ட."

நான் தரை, தொட்டி, ஈ என்று ஏதோ சொன்னேன்.

"அவரு ஒரு நாள் டிராக்டரோட அந்த வடிகால்ல சாஞ்சா யாரு தூக்குவா? நீ ஈப்போவுல இருப்ப. நான் இங்க இருப்பேன்."

இந்தக் கேள்விக்கு வரைபடத்தில் இடம் இல்லை. வடிகால் ஓரத்தில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் கட்டை போடலாம், போட்டோம். டிராக்டருக்கு உருள்தடுப்புச் சட்டம் வைக்கலாம், அதுவும் தவுக்கேயிடம் சொல்லியிருக்கிறேன். இவை எல்லாம் அவர் கேட்டதற்குப் பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாமாவைத் தாமான் வீட்டில், ஆறாவது மாடியில், விடிகாலை ஐந்து மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவராக என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதுவும் நியாயமா என்றால், அது என் ஆசையாகக்கூட இருக்கலாம். நமக்குப் பால்மரக் காட்டிலிருந்து மிச்சம் இருக்கிற ஒரே ஆளை அங்கேயே வைத்துப் பார்க்க நினைக்கும் பேத்தித் தலைமுறையின் ஆசை. வாரம் ஒருமுறை காடியில் வந்து பார்த்துவிட்டு, பால் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது சுலபம்.

மாமாவிடமே கேட்டேன். முதுகு தேவலையா என்று ஆரம்பித்து, விற்கிற எண்ணம் இருக்கிறதா என்று வரைக்கும் வந்தேன். அவர் பெட்டியின் போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். "ரெண்டு கன்னு சினையா இருக்கு" என்றார். "அது ஈனட்டும்."

ஐந்தாவது மாதம் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தரையைப் பார்த்தார்கள், மூடி போட்ட தொட்டியைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். இளையவர் பெட்டியைச் சுற்றி வந்து இது எங்கே வாங்கியது என்று கேட்டார். நாற்றப் புகார் முடிந்ததாக ஒரு கடிதம் வந்தது. அதன் கடைசிப் பத்தியில், நில உரிமை குறித்துத் தனியாகத் தெரிவிக்கப்படும் என்று ஒரு வரி. மாமாவுக்கு அந்த வரியையும் படித்துச் சொன்னேன்.

அது இன்னும் வரவில்லை. சினை மாடு ஒன்று காளைக் கன்று போட்டது, இன்னொன்று கிடேரி. சிங்கப்பூரிலிருந்து மாமாவின் மகன் தீபாவளிக்கு வந்தபோது ஒரு காலை முழுக்கக் கொட்டகையில் இருந்தார், பேசிக்கொண்டார்களா என்று தெரியாது. பெல்ட்டின் ஒரு பக்கம் ஏழிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை போல்ட்டுகளைக் கழற்றி, திருப்பிப் போட்டோம்.